மண்ணின் நிறத்தில் சோப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இயற்கைக் களிமண்களால் நிறமேற்றிய அலங்காரச் சோப்புகளை வீட்டிலேயே செய்வது குறித்து வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருந்தவற்றுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களிலெல்லாம், எண்ணெயுடன் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்துச் செய்யும் ‘கோல்ட் ப்ராசஸ்’ முறையை மனத்தில் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

செம்பருத்தி, பீட்ரூட், மஞ்சள் என்று பலவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். சோப்பு இறுகுவதற்குள் நிறம் மாறிவிடுகிறது, அல்லது சில வாரங்களில் வெளுத்துவிடுகிறது. களிமண்ணின் நிறம் மட்டும் நிலைக்கும் என்கிறார்களே, காரணம் என்ன?
— வாசகி, ஈரோடு

செம்பருத்தியின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின், காரம் பட்டவுடன் பச்சையாகவும் பிறகு அழுக்குப் பழுப்பாகவும் மாறிவிடும். பீட்ரூட்டின் நிறப்பொருள் காரத்தையும் வெப்பத்தையும் தாங்காமல் சிதைந்துவிடும். மஞ்சளோ காரத்தில் சிவக்கும். மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும்போது நிகழ்வதும் அதுவேதான். ஆனால் சோப்பில் அந்தச் சிவப்பு நிலைப்பதில்லை. வெளிச்சம் படப்பட வெளிறிப்போகும். இவை அனைத்தும் தாவரங்களிலிருந்து வரும் கரிமச் சேர்மங்கள் என்பதால், சோப்பு உருவாகும் வேளையில் இருக்கும் கடுமையான காரத்தன்மையில் அவற்றின் கட்டமைப்பே உடைந்துவிடுகிறது.

களிமண்ணின் நிறம் பெரும்பாலும் இரும்பிலிருந்து வருகிறது. சிவப்புக் களிமண்ணில் இருப்பது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. மஞ்சள் மண்ணில் இருப்பது நீர்ச்சேர்க்கையுள்ள கோதைட். பச்சைக் களிமண்ணில் கனிமத்தின் படிகத்துக்குள்ளேயே ஆக்சிஜன் குறைந்த நிலையிலுள்ள இரும்பு பொதிந்திருக்கிறது. கயோலின் என்னும் களிமண் வெண்மையாக இருப்பதற்கு அதில் இரும்பு மிகக் குறைவாக இருப்பதே காரணம். இந்தக் கனிமங்களைச் சோப்பின் காரமும் வெயிலும் எளிதில் மாற்றிவிட முடியாது. புதுக்கோட்டை அருகேயுள்ள சித்தன்னவாசல் ஓவியங்களின் சிவப்பும் மஞ்சளும் இத்தகைய இரும்பு மண்ணிறங்களே. காரத்தன்மை மிக்க சுண்ணாம்புப் பூச்சின் மேல் அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றன என்பதை நினைத்தால், உங்கள் சோப்பில் அவை சில மாதங்கள் நிற்பதில் வியப்பில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். களிமண் தருவது செங்கல், சந்தனம், வெளிர் ரோஜா, பாசிப்பச்சை, சாம்பல், பால்வெண்மை ஆகிய அடங்கிய நிறங்களை மட்டுமே. கடைச் சோப்பின் பளிச்சென்ற இளஞ்சிவப்பை எதிர்பார்த்து மண்ணைக் கூட்டிக்கொண்டே போனால், நிறம் பளிச்சிடாது, சோப்புதான் கெடும். அந்த அடக்கமே இந்தச் சோப்புகளின் அழகு என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பகுதித் தேரி மண் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருக்கிறது. அதைச் சலித்துச் சோப்பில் சேர்க்கலாமா? கோலத்துக்கு வாங்கும் காவியையும் பயன்படுத்தலாமா?
— வாசகர், திருச்செந்தூர்

இரண்டும் வேண்டாம். தேரியின் சிவப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் தேரி என்பது களிமண் நிலமன்று. காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடு. ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தட்டில் நீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். சிவந்த குழம்பு கொஞ்சம் பிரிந்து வரும். அடியில் தங்குவது பளபளக்கும் குவார்ட்ஸ் மணல். மணியின் மேல் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அத்தனை சிவப்பையும் காட்டுகிறது. எவ்வளவு சலித்தாலும் நுண்மணல் கூடவே வரும். சோப்பில் சேர்த்தால் தோலைக் கீறும்.

மணலே இல்லாத நல்ல வண்டலாக இருந்தாலும், நிலத்திலிருந்து நேரடியாக எடுத்த மண்ணில் உரமும் பூச்சிக்கொல்லியும் நுண்ணுயிர்களும் ஈயம், ஆர்செனிக் போன்ற நச்சு உலோகங்களும் இருக்கக்கூடும். சூடுபடுத்தினால் நுண்ணுயிர் குறையலாம். உலோகம் எங்கும் போகாது. விற்பனைக்கு வரும் களிமண்ணிலும்கூட இந்த ஐயத்துக்கு இடமுண்டு. 2016-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பென்டோனைட் களிமண் பொருள்கள் இரண்டில் ஈயம் மிகுந்திருப்பதாகப் பொதுமக்களை எச்சரித்தது. ஆகவே அழகுசாதனத் தரம் என்று குறிப்பிட்டு, உலோக அளவுகளுக்கான ஆய்வுச் சான்றிதழைக் கேட்டால் தரக்கூடிய விற்பனையாளரிடம் மட்டுமே வாங்குங்கள். கோலக் காவி தரையில் போடுவதற்காகத் தயாராவது. அதில் என்ன சாயம், என்ன கலப்படம் என்பதை யாரும் தோலை நினைத்துப் பார்ப்பதில்லை. காவிச் சிவப்பே வேண்டுமென்றால், அழகுசாதனத் தரச் சிவப்புக் களிமண் ஏறக்குறைய அதே நிறத்தைத் தந்துவிடும்.

களிமண் சேர்த்தால் சோப்பில் கரும்புள்ளிகளும் மண்கட்டிகளும் தெரிகின்றன. எவ்வளவு சேர்க்க வேண்டும், எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதை ஒரு அளவோடு சொல்ல இயலுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கேள்வியில்தான் இந்தக் கலையின் உயிர்நாடி இருக்கிறது. களிமண் நீரை உறிஞ்சும் பொருள். அதை உலர்ந்த நிலையில் சோப்புக் கலவையில் தூவினால், ஒவ்வொரு சிறு கட்டியும் வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே தூளாகவே நின்றுவிடும். சோப்பை வெட்டும்போது கத்தி அந்தக் கட்டிகளை இழுத்துச் செல்வதால் சிவப்புக் கோடுகள் விழும். அதோடு நிற்பதில்லை, கலவையில் இருக்கும் நீரையும் அது தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் கலவை சட்டெனத் தடித்துப்போகும்.

500 கிராம் எண்ணெய்க்கு ஒரு அளவைச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். இதற்குக் காஸ்டிக் சோடா 72 கிராம், காய்ச்சி வடித்த நீர் 145 கிராம். எண்ணெயில் ஏறக்குறைய 6 விழுக்காடு சோப்பாகாமல் மிஞ்சும்படி இந்தக் கணக்கு போடப்பட்டுள்ளது. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் சோடாவின் அளவையும் கட்டாயம் மாற்ற வேண்டும். ஏனெனில் ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் தேவைப்படும்போது, ஆலிவ் எண்ணெய்க்கு 0.135 கிராமே போதும். எல்லாவற்றையும் எடை பார்த்தே எடுங்கள். கப்பும் டம்ளரும் இங்கே உதவா.

அந்த 145 கிராம் நீரில் 30 கிராமைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் காஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். தனியே வைத்த நீர் களிமண்ணுக்கு. ஒரு தேக்கரண்டி களிமண்ணுக்கு ஒரு மேசைக்கரண்டி நீர் என்பது நல்ல தொடக்க அளவு. முதலில் சில சொட்டுகள் மட்டும் விட்டுக் கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். சிவப்பு மண் முதலில் உதிர்ந்து திரளும், பிறகு பளபளப்பான விழுதாகும், அதன் பின் மீதி நீரை விட்டால் கட்டியின்றிக் கரையும். விழுதாகும் முன்பே நீர் முழுவதையும் ஊற்றிவிட்டால் கட்டிகள் மிதந்துகொண்டேயிருக்கும். பென்டோனைட்டும் முல்தானி மட்டியும் ஊறினால் தடிக்கும் இயல்புடையவை. அவற்றை அரை மணி நேரம் முன்பே ஊறவைத்து, தேவையெனில் இன்னும் சிறிது நீர் சேர்க்கலாம்.

இந்த 500 கிராம் எண்ணெய்க்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி களிமண் வெளிர்நிறத்தையும், இரண்டு தேக்கரண்டி நடுத்தர நிறத்தையும் தரும். மூன்றைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் நுரை குறையும், சோப்பு பொரபொரப்பாகும், உலரும்போது வெடிக்கவும் செய்யும். எண்ணெயும் காரக் கரைசலும் சேர்ந்து, கரண்டியிலிருந்து வடியும் கலவை மேற்பரப்பில் மெல்லிய தடம் விடத் தொடங்கும் நிலையில் களிமண் கரைசலைச் சேர்ப்பதே சரியான கட்டம்.

காஸ்டிக் சோடாவைப் பற்றிய எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போதும் நீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் சில நொடிகளில் கைசுடும் அளவுக்குச் சூடாகும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. அது அரிக்கப்பட்டு, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எவர்சில்வர் நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இன்றிக் காஸ்டிக் சோடாவைத் தொடாதீர்கள். குழந்தைகள் வீட்டில் விழித்திருக்கும் வேளையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், குழாய் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

ரோஜா நிறக் களிமண் சேர்த்துச் செய்த சோப்பை வெட்டியபோது நடுவில் அடர்ந்த வட்டமும் ஓரங்களில் வெளிர் நிறமும் இருந்தன. மேற்புறம் நீளவாக்கில் ஒரு வெடிப்பும் விழுந்துவிட்டது. மண் சரியாகக் கலக்கவில்லையா?
— வாசகி, சென்னை

மண் நன்றாகவே கலந்திருக்கிறது. நீங்கள் காண்பது வெப்பத்தின் வேலை. எண்ணெயும் காரமும் வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படும். அச்சின் நடுப்பகுதி 70 பாகை செல்சியஸ் வரையோ அதற்கு மேலோ சூடேறி, சோப்பு சற்று நேரம் கண்ணாடி போன்ற கூழாகிப் பிறகு இறுகும். அந்த நிலையைக் கடந்த பகுதியில் களிமண்ணின் நிறம் ஆழமாகத் தெரியும். கடக்காத ஓரங்களில் பால் கலந்தது போல் மங்கலாக இருக்கும். ரோஜா நிறம் என்பது வெண்ணிறக் கயோலினும் சிறிதளவு இரும்பு ஆக்சைடும் சேர்ந்தது என்பதால் இந்த வேறுபாடு அதில் கூடுதலாகவே தெரிகிறது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிறம் அடர்த்தியாக வேண்டுமென்றால் அச்சை அட்டைப் பெட்டிக்குள் வைத்துத் துண்டால் மூடி, வெப்பம் ஓரம் வரை பரவச் செய்யுங்கள். வெளிர் நிறமே போதும் என்றால், ஊற்றியவுடன் ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சென்னை வெயிலில் இரண்டாவது வழிதான் எளிது. காரக் கரைசல் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்து ஆற்றி, எண்ணெயும் கரைசலும் 35 பாகையை ஒட்டி இருக்கும்போது கலந்தால் மிகுவெப்பத்தைத் தவிர்க்கலாம். தேங்காய் எண்ணெய் மிகுந்த கலவை வேகமாகச் சூடேறும். தேன், பால், சர்க்கரை சேர்த்திருந்தால் இன்னும் வேகமாக. மேற்புற வெடிப்பு பெரும்பாலும் இந்தச் சூட்டால் வருவது. நீர் போதாமல் களிமண் சேர்த்திருந்தாலும் வரும். சோப்பு மென்மையாக இருக்கும்போதே கண்டுவிட்டால், கையுறை அணிந்த விரலை நனைத்து அழுத்தி மூடிவிடலாம்.

அடுக்கடுக்கான நிறங்களும் சுழல் வடிவங்களும் எனக்குக் கைவரவில்லை. சுழல் போடுவதற்குள் கலவை கெட்டியாகிவிடுகிறது. அடுக்குச் சோப்போ காய்ந்த பின் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வருகிறது. கோல வடிவங்களைச் சோப்பின் மேல் கொண்டுவர வழி உண்டா?
— வாசகி, மதுரை

சுழலுக்குக் கலவை நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். அடுக்குக்குத் தோசை மாவுப் பதம் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன. சுழல் போடுவதாக இருந்தால், ஹேண்ட் பிளெண்டரால் இடைவெளி விட்டு விட்டு அடித்து, எண்ணெய்த் திட்டு மறைந்தவுடன் நிறுத்திவிடுங்கள். கலவையைக் கிண்ணங்களில் பிரித்து, களிமண் கரைசல்களைக் கரண்டியால் மட்டுமே கலக்குங்கள். சுழலுக்குப் பென்டோனைட் உகந்ததன்று. அது கலவையை மிக விரைவில் தடிக்கச் செய்யும். கயோலின், ரோஜா, மஞ்சள் களிமண்கள் சற்றுப் பொறுமை காக்கும். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் கலவையைச் சட்டென இறுகச் செய்பவை என்பதால் சுழல் சோப்பில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுக்குகள் பிரிவதற்கு, முதல் அடுக்கு முழுதாக இறுகிய பிறகு இரண்டாவதை ஊற்றுவதே முதன்மைக் காரணம். மேற்பரப்பை விரல் நுனியால் தொட்டால் சோப்பு ஒட்டாமல், ஆனால் சற்றே குழியும் நிலையில் அடுத்ததைக் கரண்டியின் மேல் வழியவிட்டு ஊற்றுங்கள். இரு அடுக்குகளுக்கிடையே களிமண் தூளைச் சிறு சல்லடையால் தூவிக் கோடு வரைபவர்கள் உண்டு. வெட்டிய முகத்தில் சிவப்பு மையால் கோடிட்டது போல மிக அழகாக இருக்கும். ஆனால் அடியிலுள்ள சோப்பு ஆங்காங்கே தெரியும் அளவுக்கே தூவ வேண்டும். தூள் பரப்பை முழுவதும் மூடிவிட்டால், மேல் அடுக்கு சோப்பைப் பற்றாமல் தூளையே பற்றும். குளியலறையில் இரண்டாகப் பிளந்துவிடும். அத்தகைய சோப்பை வெட்டும்போது கட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, கோட்டின் திசையிலேயே கத்தியை இறக்குங்கள். மேலிருந்து வெட்டினால் தூள் கீழ் அடுக்கின் மீது இழுபடும்.

கோலம் பற்றிக் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வெண்கோலத்துக்குச் செங்காவிக் கரை கட்டும் நம் வழக்கம் களிமண் சோப்புக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. கயோலினும் சிவப்புக் களிமண்ணும் இருந்தால் போதும். சிவப்புக் களிமண் சோப்பை வெட்டி ஓரிரு நாள் ஆறவிட்டு, புள்ளிக் கோலம் செதுக்கிய அக்ரிலிக் அச்சை நேராக அழுத்தி எடுங்கள். அச்சில் சோப்பு ஒட்டினால் இன்னும் ஒரு நாள் காத்திருங்கள். ஓரம் வெடித்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். பிறகு கயோலினை நீரில் கெட்டியான விழுதாகக் குழைத்துப் பள்ளங்களில் மெல்லிய தூரிகையால் நிரப்பி, காய்ந்ததும் மேற்பரப்பை ஈரத்துணியால் ஒருமுறை வழித்துவிட்டால் கோடுகள் மட்டும் வெண்மையாக நிற்கும். முதல் சில குளியல்களிலேயே அது கரைந்துவிடும். பரிசளிப்பதற்கும் நவராத்திரித் தாம்பூலத்தில் வைப்பதற்கும் அது குறையன்று.

நீலக் களிமண் என்று விற்கிறார்கள். வாங்கிச் சேர்த்தால் சோப்பு சாம்பல் நிறமாகவே வருகிறது.
— வாசகர், சேலம்

இயற்கையான நீலக் களிமண் பெரும்பாலும் நீலச்சாயை கொண்ட சாம்பல் மண்தான். சோப்பில் சாம்பலாகத் தெரிவது அதன் உண்மை நிறம். பளிச்சென்ற நீலத்தைத் தரும் மண் என்றால் அதில் சாயம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். நீலம் வேண்டுமெனில் அவுரியிலிருந்து எடுக்கும் நீலச்சாயத் தூளை நாடுங்கள். திண்டிவனம் பகுதியில் இன்றும் அவுரி பயிராகிறது. அவுரி காரத்தைத் தாங்கும். 500 கிராம் எண்ணெய்க்குக் கால் தேக்கரண்டியிலிருந்து தொடங்குங்கள். அளவு மீறினால் நுரையும் நீலமாகும்.

நான் செய்யும் சவர்க்காரத்தின் மேல் வெள்ளை மாவு போன்ற படலம் படிந்து, சிவப்பு நிறத்தை மறைத்துவிடுகிறது. இது களிமண்ணின் குற்றமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

இல்லை. வினைபுரியாமல் மேற்பரப்பில் எஞ்சியிருக்கும் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகப் படிவதே அந்த வெண்மை. வெள்ளைச் சவர்க்காரத்தில் கண்ணுக்குத் தெரியாதது சிவப்பில் பளிச்செனத் தெரிகிறது. ஊற்றியவுடன் பரப்பை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வைப்பதும், நீரைச் சிறிது குறைப்பதும் இதைப் பெருமளவு தடுக்கும். படிந்துவிட்டால், நன்கு உலர்ந்த பின் கொதிநீரின் ஆவியை அதன் மேல் சில நொடிகள் காட்டி எடுங்கள்.

உருக்கி ஊற்றும் சோப்பு பேஸில் களிமண் சேர்த்தால் அடியில் படிந்துவிடுகிறதே?
— வாசகி, நாகர்கோவில்

பேஸ் (உருக்கி ஊற்றுவதற்கென ஆயத்தமாக விற்கும் சோப்புக் கட்டி) மிகச் சூடாக, நீர்த்த நிலையில் இருக்கும்போது ஊற்றுவதுதான் காரணம். களிமண்ணைச் சிறிது கிளிசரினில் குழைத்துச் சேர்த்து, மேலே மெல்லிய ஆடை கட்டத் தொடங்கும் வரை, ஏறக்குறைய 50 பாகை செல்சியஸுக்கு ஆறும் வரை கிளறிய பிறகு ஊற்றுங்கள். ஒளி ஊடுருவும் பேஸை விட வெள்ளை பேஸில் களிமண் நிறம் சீராக அமையும்.

என் களிமண் சோப்புகளை விற்க விரும்புகிறேன். நச்சு நீக்கும், முகப்பரு போக்கும், நிறம் கூட்டும் என்று உறையில் அச்சிடலாமா? பிஎச் 5.5 என்று குறிப்பிடலாமா?
— வாசகி, திருச்சி

அச்சிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சோப்பு தோலில் சில நொடிகள் இருந்துவிட்டு நீரோடு போவது. அதில் இருக்கும் ஒரு தேக்கரண்டி மண் உடலின் நச்சை நீக்கும் என்பதற்கு இடமேயில்லை. களிமண் உண்மையாகத் தருவது மூன்று: நிறம், கையில் வழுக்கும் பட்டுப்போன்ற தன்மை, எண்ணெய்ப் பிசுக்குத் தோலுக்குச் சற்று உலர்ந்த உணர்வு. இவற்றைச் சொல்லி விற்பதே போதும். காஸ்டிக் சோடாவால் செய்யப்படும் எந்தச் சோப்பும் இயல்பாகவே காரத்தன்மை உடையது. அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவான பிஎச் அதில் 9-க்கும் 10-க்கும் இடையில்தான் இருக்கும். அதை 5.5-க்கு இறக்க முயன்றால் சோப்பு சிதைந்து கொழுப்பு அமிலமாகிவிடும். வறண்ட தோல் உடையவர்களுக்கு முல்தானி மட்டிச் சோப்பை விடக் கயோலின் சோப்பு மென்மையானது என்பதை உறையில் எழுதலாம். அது வாங்குபவருக்குப் பயன்படும்.

இந்தியாவில் சோப்பு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் கீழும் வருகிறது. வீட்டில் செய்வதாயினும், விற்பனைக்காகத் தயாரிக்க மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். முதலில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் இடவசதி, தொழில்நுட்பப் பணியாளர் பற்றிய தேவைகளைக் கேட்டறிந்துவிட்டு, அதன் பிறகு அச்சுகளுக்கும் உறைகளுக்கும் பணம் போடுங்கள். ஒவ்வொரு முறை செய்யும்போதும் தேதி, எண்ணெய்களின் எடை, களிமண் வாங்கிய தொகுதி எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே விற்பனையாளரிடம் வாங்கினாலும் சிவப்புக் களிமண் தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறும். நான்கு முதல் ஆறு வாரங்கள் காற்றோட்டமான நிழலில் உலராத சோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பு வியர்க்கும் என்பதால், அந்த மாதங்களில் செய்வதற்கு இன்னும் இரண்டு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.